பின்னால் வரும் ‘டொக்’: காரில் தீராத சத்தத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி

போன வருஷம் கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி என் பட்டறைக்கு ஒரு கார் கொண்டுவந்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். கூரை மடங்கி டிக்கிக்குள் போய்விடும், இழுவை பின்சக்கரத்தில். துபாயில் பத்து வருஷம் உழைத்த பணத்தில் பழைய வண்டியாக வாங்கியது. வாங்கிய மூன்றாவது மாதமே பின்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம் ஆரம்பித்திருக்கிறது. பதினான்கு மாதமாகப் போகவில்லை. மூன்று இடங்களில் காட்டியிருக்கிறார். ஓர் இடத்தில் லிங்க் ராடு இரண்டையும் மாற்றினார்கள். அடுத்த இடத்தில் பின் ஷாக் அப்சார்பர் ஜோடியாகப் புதுசு. மூன்றாவது இடத்தில் வலது பக்கச் சக்கர பேரிங். “அண்ணே, இனிமே மாத்துறதுக்கு என்ன இருக்குன்னே தெரியல” என்று பில்களை என் மேசையில் வைத்தார்.

நான் உச்சிப்புளியில் பட்டறை வைத்திருக்கிறேன். பதினாறு வயதில் மண்டபத்தில் விசைப்படகு டீசல் இன்ஜினில் வேலை பழகியவன். இப்போது என்னிடம் வருவதில் பெரும்பகுதி ராமேஸ்வரம் போகும் சுற்றுலா வேன்களும் மீன் ஏற்றும் வண்டிகளும்தான். இந்த மாதிரிக் கார் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். ஆனால் சத்தம் தேடுவதற்கு எல்லா வண்டிக்கும் ஒரே வழிதான். அந்தச் சத்தத்தை நாம் நினைத்தபோது வரவழைக்கத் தெரிய வேண்டும், நினைத்தபோது நிறுத்தவும் தெரிய வேண்டும். அது கைவரும் வரை ஸ்பானரைத் தொடக் கூடாது. அந்தத் தம்பியின் வண்டியில் மாற்றிய சாமான் எல்லாமே நல்ல சாமான்தான். எதை மாற்றினால் நிற்கும் என்று தெரிந்துகொள்ளாமல் மாற்றிவிட்டார்கள். இதே அலைச்சலில் இருக்கிற எல்லாருக்கும் உதவட்டும் என்று நான் செய்தபடியே எழுதுகிறேன்.

சத்தத்துக்கு முதலில் ஒரு பெயர்

“பின்னால சத்தம் வருது” என்பது போதாது. வாயால் அதே மாதிரி சத்தம் போட்டுக் காட்டச் சொல்வேன். கூச்சப்படுவார்கள், ஆனாலும் விட மாட்டேன். ஒற்றை அடியாக ‘டொக்’ என்கிறதா, ‘லொடலொட’ என்று தொடர்ந்து ஆடுகிறதா, ‘ஊங்’ என்று இரைகிறதா, ‘கீச்’ என்று முனகுகிறதா, ‘சர்ர்’ என்று உரசுகிறதா? நம் மொழியில் சத்தத்துக்குச் சொல் நிறைய இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் வண்டியில் ஒவ்வோர் இடத்தைக் காட்டும்.

‘ஊங்’ என்றால் பெரும்பாலும் டயர், சக்கர பேரிங், இல்லாவிட்டால் நாங்கள் கிரவுன் என்று சொல்கிற டிஃபரன்ஷியல், இழுவையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. இதில் ஏமாறாதவர் குறைவு. ரோடு மாறும்போது, தார் சொரசொரப்பிலிருந்து வழவழப்புக்கு வரும்போது சத்தமும் மாறினால் டயரைப் பாருங்கள். வண்டியை நிறுத்தி டயர் பட்டைமேல் உள்ளங்கையை முன்னும் பின்னுமாகத் தடவினால், ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் ரம்பம் மாதிரி கையில் இடறும். ரோடு எப்படி இருந்தாலும் ஒரே இரைச்சல், வலப்பக்கம் லேசாக வளைத்தால் கூடுகிறது, இடப்பக்கம் வளைத்தால் அடங்குகிறது என்றால் இடது பேரிங். வலப்பக்கம் திரும்பும்போது எடை இடது சக்கரத்தில் ஏறுகிறது, அதனால்தான். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு குரல், காலை எடுத்தால் வேறு குரல் என்றால் கிரவுன் பல்லைச் சந்தேகப்படலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் இந்த மாதிரிக் காரின் சக்கரம் நொடிக்குச் சுமார் 8 சுற்றுச் சுற்றும். முன்னாலிருந்து கிரவுனுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதைவிட மூன்று, நான்கு மடங்கு வேகத்தில் சுற்றும். ஆகவே ‘உம் உம் உம்’ என்று எண்ணிவிடக்கூடிய துடிப்பு சக்கரத்தோடு சேர்ந்தது, எண்ண முடியாத ரீங்காரம் ஷாஃப்டோடு சேர்ந்தது. அதே வேகத்தில் கியரை மட்டும் மாற்றிப் பார்த்தும் சத்தம் மாறவில்லை என்றால் இன்ஜினை விட்டுவிடலாம்.

‘சர்ர்’ என்றால் பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகடு. நம் கடற்கரையில் அந்தத் தகடு துரு ஏறி வளைந்துவிடும், இல்லாவிட்டால் ஒரு கூழாங்கல் இடையில் மாட்டியிருக்கும். ‘கீச்’ என்றால் ரப்பர் புஷ், இரும்புச் சாமான்கள் சேருமிடத்தில் மெத்தை மாதிரி இருப்பது. சந்தேகப்படும் புஷ்மேல் வெறும் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். பத்து நிமிஷம் முனகல் நின்று, காய்ந்ததும் திரும்ப வந்தால் அந்தப் புஷ்தான்.

‘டொக்’ மட்டும் இரண்டு வகை. ஆக்சிலரேட்டரை மிதித்துவிடும்போதும், ரிவர்ஸிலிருந்து முன்னே எடுக்கும்போதும் வந்தால் இழுவைப் பக்கம்: கிரவுனைத் தாங்கும் புஷ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ரப்பர் கப்ளிங், ஆக்சில் ஜாயிண்ட். மேடு பள்ளத்தில் மட்டும் வந்தால் சஸ்பென்ஷன் பக்கம். தம்பியின் வண்டியில் இழுவைக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. சமதரையில் எப்படி மிதித்தாலும் வரவில்லை. ரோட்டில் சின்ன, கூர்மையான இடைவெளியைத் தாண்டும்போது மட்டும் வந்தது.

வண்டியைக் காலி செய்யுங்கள்

டிக்கியில் இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். டூல் பை, டயருக்குக் காற்றடிக்கும் பெட்டி, குடை, தண்ணீர் பாட்டில், கார்ப்பெட்டுக்கு அடியில் நழுவிய வீல் நட்டு. கூரை மடங்கும் கார் என்றால் கூரையைத் திறந்து ஒரு முறை, மூடி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். கூரைப் பூட்டும் கீலும் சத்தம் போட்டால் பின்சக்கரத்திலிருந்து வருவது போலவே கேட்கும். சீட் பெல்ட் கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டும் ஒரு முறை ஓட்டுங்கள். இவ்வளவும் அரை மணி நேர வேலை, செலவு கிடையாது.

எந்த ரோடு, என்ன வேகம்

இந்த விஷயத்தில் எங்கள் பக்கம் கொடுத்துவைத்தது. ‘ஊங்’ இரைச்சலைக் கேட்க தனுஷ்கோடி ரோடு. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017இல் திறந்த 9.5 கிலோமீட்டர், நேராகப் போகும். ஆனால் விடிந்தவுடன் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் வேன்கள் வந்துவிடும். ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் போனால் காற்றின் இரைச்சல்தான் கேட்கும், ரோட்டில் மணலும் ஏறியிருக்கும்.

‘டொக்’ கேட்கப் பாம்பன் சாலைப் பாலம். 1988இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். பாலத்துத் துண்டுகள் சேருமிடங்களில் இருக்கும் இணைப்பு ஒவ்வொன்றும் சக்கரத்துக்கு ஒரே அளவான சின்ன அடி கொடுக்கும். பள்ளம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆழம். இணைப்பு அப்படியில்லை, அதே அடி திரும்பத் திரும்பக் கிடைக்கும். சோதனைக்கு அதுதான் வேண்டும். பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், ஊர்ந்தும் போகாதீர்கள். அது ராமேஸ்வரத்துக்கான ரோடு, பின்னால் பஸ் வரும். 30, 40 என்று சீரான வேகத்தில் போய், அக்கரையில் திரும்பி வாருங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கைப்பிடிச் சுவர்ப் பக்கமாகப் போனால் சத்தம் சுவரில் பட்டுத் தெளிவாகத் திரும்பி வரும். 

இரண்டு சீட் வண்டியில் பின்னால் ஆள் உட்கார இடம் இல்லை. அதற்கு நான் செய்தது, டிக்கியின் இடது மூலையில் ஒரு போனைத் துணி சுற்றி, டேப் போட்டு ஒட்டி ரெக்கார்டிங் ஓடவிட்டேன். வலது மூலையில் இன்னொன்று. என் பட்டறையில் வேலை பழகும் தங்கை மகன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, சத்தம் வரும்போதெல்லாம் பலமாகக் கை தட்டினான். பட்டறைக்கு வந்து இரண்டையும் கேட்டால், கைதட்டலுக்கு ஒட்டி வரும் ‘டொக்’ இடது போனில் தெளிவாக இருந்தது, வலது போனில் மங்கல். “மாமா, பேரிங்க வலப்பக்கம்ல மாத்திருக்காங்க” என்றான். ஆமாம். காரின் தகரம் சத்தத்தைக் கடத்தும், காது ஏமாறும். போன் அந்த மூலையிலேயே இருப்பதால் அவ்வளவு ஏமாறாது.

அடுத்து நிறுத்திப் பார்க்கும் சோதனைகள். பிரேக்கை லேசாகத் தொட்டபடியே ஒரு சின்ன மேட்டில் ஏறுங்கள். சத்தம் நின்றால் பிரேக் பேடோ அதைப் பிடித்திருக்கும் காலிப்பரோ ஆடுகிறது. எங்களுக்கு நிற்கவில்லை. இன்ஜின் சூடாவதற்கு முன்னும் பின்னும் வித்தியாசம் உண்டா? சைலன்சர் ரப்பர் என்றால் பெரும்பாலும் இருக்கும், இதில் இல்லை. பிறகு எடை. 25 கிலோ அரிசிப் பை இரண்டை டிக்கியில் வைத்துப் பாலத்துக்குப் போனோம். சத்தம் பாதியாகக் குறைந்தது. இரண்டு பையையும் இடது பக்கமாக நகர்த்தி வைத்தேன். முழுக்க நின்றுபோனது. பைகளை இறக்கினேன், திரும்பவும் ‘டொக்’.

பதினான்கு மாதத்தில் முதல்முறையாகச் சத்தம் எங்கள் சொல் கேட்டது. எடை ஏறினால் அமுங்குகிற, எடை குறைந்தால் தளர்கிற ஏதோ ஒன்று இடது பக்கம் இருக்கிறது. அவ்வளவும் தெரிந்த பிறகுதான் வண்டியைத் தூக்கினேன்.

தூக்கும்போது

ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. கையைக்கூட விடக் கூடாது. எங்கள் பக்கம் மணல் தரை. என் தொழிலின் முதல் வருஷங்களில் முற்றத்தில் ஒரு வேனைத் தூக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் ஜாக்கி ஒரு பக்கமாக மணலில் இறங்கி வண்டி விழுந்து கிடந்தது. அடியில் ஆள் இல்லாததால் இன்றைக்கு இதை எழுதுகிறேன். சிமெண்ட் தரை, முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை, ஸ்டாண்டு, அதன் பிறகுதான் வேலை.

சத்தம் தேடுபவர்கள் தவறவிடும் ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. வண்டியைத் தூக்கினால் சக்கரம் தொங்கும். தொங்கும்போது ஸ்பிரிங் நீளும், புஷ்கள் முறுக்கும், ரோட்டில் ஆடுகிற சாமான் அசையாமல் இறுகிக்கொள்ளும். காற்றில் தொங்கும் வண்டியைக் கம்பியால் நெம்பிப் பார்த்துவிட்டு “எல்லாம் டைட்டா இருக்கு” என்பார்கள். பொய் இல்லை, அந்த நிலையில் டைட்டாகத்தான் இருக்கும். சக்கரத்தில் எடை நிற்கும்போது அடியில் பார்க்க வழி செய்ய வேண்டும். இந்தக் கார் தரையை ஒட்டிக் கிடப்பதால் வழக்கமான சாய்தளத்தில் ஏற்றினால் முன் பம்பர் இடிக்கும். நான் நீளமான பனஞ்சட்டங்களை அடுக்கிச் சரிவைக் குறைத்து ஏற்றினேன். வயிரம் பாய்ந்த பனை இந்த எடையைத் தாங்கும்.

அடியில் போனதும் எதையும் கழற்றாதீர்கள். டார்ச்சை அடித்து நிறமாற்றத்தைத் தேடுங்கள். இரும்பும் இரும்பும் தட்டிக்கொள்ளும் இடம் காசு மாதிரி பளபளக்கும். அசையக் கூடாத இரண்டு சாமான் அசைந்தால் இடுக்கிலிருந்து செம்மண் மாதிரித் துருப்பொடி வழிந்திருக்கும். ரப்பர் உரசினால் கறுப்பு மாவு. வண்டி அடிப்பகுதியைக் கழுவாமல் வந்து பார்ப்பதும் நல்லதுதான், கழுவினால் இந்தத் தடங்கள் போய்விடும்.

நான் முதலில் சந்தேகப்பட்டது ஷாக்கின் மேல்நுனியை வண்டியோடு பிடித்திருக்கும் மேல் மவுண்ட்டை. இந்த மாதிரிக் கார்களில் ஷாக்கை மாற்றிவிட்டுப் பழைய மவுண்ட்டையே திரும்பப் போட்டு விடுவது உண்டு. அதன் ரப்பர் பிய்ந்திருந்தால் இதே ‘டொக்’ வரும். டிக்கி உள்பக்க விரிப்பைக் கழற்றி, மவுண்ட் நட்டுமேல் விரலை வைத்துக்கொண்டு, மருமகனை மூலையை அழுத்தி அழுத்தி விடச் சொன்னேன். உடைந்த மவுண்ட் என்றால் அடி விரலிலேயே தெரியும். ஒன்றும் இல்லை. ஒரு பகல் முழுக்க அதில் போனது. படகு இன்ஜினில் பழகிய வழக்கமாக ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் ஒட்டி, நுனியை ஒவ்வோர் இடமாக வைத்துக் கேட்டேன். ஷாக்கின் கீழ் போல்ட்டில் வைத்தால் மெல்லக் கேட்டது. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் அடி ஆர்மில், ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தபோது ‘டிக்’ என்று கூர்மையாகக் காதுக்குள் விழுந்தது.

ஸ்பிரிங்

சமமான தரையில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரியாக வைத்து, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்தேன். வலதைவிட இடது 8 மில்லிமீட்டர் தாழ்வு. இந்த அளவை முதல் நாளே எடுத்திருக்க வேண்டும். நீங்கள் தேடும்போது ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

இந்தக் காரின் பின்பக்கத்தில் ஷாக் தனி, ஸ்பிரிங் தனி. பல கார்களின் முன்பக்கத்தில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும், ஷாக்கை மாற்றினால் ஸ்பிரிங்கையும் கையில் எடுத்தே ஆக வேண்டும். இங்கே ஸ்பிரிங்கைத் தொடாமலே ஷாக்கை மாற்றிவிடலாம். அப்படித்தான் மாற்றியிருக்கிறார்கள்.

சின்னக் கண்ணாடியைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தேன். ஸ்பிரிங்கின் கீழ்நுனி ஒரு ரப்பர் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். கிண்ணத்தில் மணல் அப்பியிருந்தது. பிரஷ்ஷால் தட்டிவிட்டு விரலால் சுற்றைத் தொட்டுக்கொண்டே போனேன். ஓரிடத்தில் சுற்று விட்டுப்போய், விளிம்பு நகத்தில் மாட்டியது. கடைசிச் சுற்றில் விரல் நீளத் துண்டு உடைந்து, கிண்ணத்துக்குள்ளேயே கிடந்தது. எடை நிற்கும்போது இரண்டு முனையும் ஒன்றை ஒன்று அழுத்திக்கொள்ளும், சத்தம் இருக்காது. பாலத்து இணைப்பில் சக்கரம் ஒரு கணம் கீழே இறங்கும்போது துண்டு விடுபட்டு, திரும்ப எடை விழும்போது ‘டொக்’ என்று அடிக்கும். அரிசிப் பை வைத்தபோது நின்றது ஏன் என்பது அப்போதுதான் புரிந்தது. வண்டியைத் தூக்கினால் உடைந்த இடத்தை ரப்பர் மறைத்துவிடும். மூன்று இடத்திலும் கண்ணில் படாமல் போனதற்கு அது போதும்.

ஏன் உடைந்தது என்றால் உப்பு. ஸ்பிரிங்கின் பூச்சைச் சின்னக் கற்கள் பெயர்க்கும். கிண்ணத்தில் தங்கும் மணல் உப்பு ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். துரு இரும்பில் குழி போடும். ஸ்பிரிங் ஓயாமல் வளைந்து நிமிரும் சாமான், அந்தக் குழியிலிருந்து கீறல் விட்டு ஒரு நாள் முறியும். உடைந்த முகத்தைப் பார்த்தால் தெரியும்: ஓரத்தில் பழைய கறுப்புத் துரு, நடுவில் கடைசியாக முறிந்த இடம் வெளுப்பாக.

உடைந்த ஸ்பிரிங்கோடு ஓட்டாதீர்கள். முனை நழுவினால் டயரின் உள்பக்கச் சுவரைக் கிழிக்கும், அதுவும் வேகத்தில்.

மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள். வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து அதற்குரிய ஸ்பிரிங்கைக் கேளுங்கள், ஒரே மாடலிலேயே இன்ஜினையும் கூரையையும் பொறுத்து ஸ்பிரிங் மாறும். ரப்பர் கிண்ணங்களும் புதுசு. ஸ்பிரிங் நுனி கிண்ணத்தில் அதற்கென்று இருக்கும் படியில் முட்டி நிற்க வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் துப்பாக்கி மாதிரி, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் இல்லாமல் வீட்டில் யாரும் கழற்ற வேண்டாம். ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால் கடைசி முறுக்கை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கொடுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிலேயே நின்று சீக்கிரம் கிழியும், புதுசாக ஒரு ‘கீச்’ ஆரம்பிக்கும். வீல் போல்ட்டுக்கு அந்தக் காருக்குரிய முறுக்கு அளவு, டார்க் ரெஞ்சில். எல்லாம் முடிந்ததும் அலைன்மெண்ட். இறுக்கிய போல்ட் ஒவ்வொன்றிலும் தலையிலிருந்து ஆர்ம் வரை வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பின்னால் போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டும்.

உப்பைக் கழுவுவது

தனுஷ்கோடி போய் வந்தால் அன்றைக்கே அடிப்பகுதியைக் கழுவ வேண்டும். ஆனால் எந்தத் தண்ணீரில் என்பதைக் கவனியுங்கள். ராமேஸ்வரம் தீவிலும் மண்டபம் பக்கத்திலும் பல போர்வெல்களில் தண்ணீர் உவர்ப்பு. அதில் வாட்டர் சர்வீஸ் செய்தால் உப்பைக் கழுவி உப்பையே பூசுகிறோம். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், கரித்தால் வேண்டாம். குடிதண்ணீர் குடம் குடமாக விலை கொடுத்து வாங்குகிற ஊரில் காரைக் குளிப்பாட்ட அதை இறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. நான் செய்வது இரண்டு வாளி நல்ல தண்ணீர், கையால் அடிக்கும் ஸ்ப்ரேயர், நான்கு சக்கரக் குழிகள், ஸ்பிரிங் கிண்ணங்கள். அவ்வளவு போதும். மழை பெய்தால் வண்டியை வெளியே விடுங்கள். கடற்கரையில் இரவு நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டு, காலையில் எடுக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் போட்டுக் கட்டை வையுங்கள்.

ஸ்பிரிங் வந்து சேர நான்கு நாள் ஆனது. மாட்டிய மறுநாள் விடியற்காலையில் அதே இரண்டு போன், அதே மூலைகள், டிக்கி காலி. இந்தத் தடவை தம்பியே ஓட்டினார், நான் பக்கத்தில். மண்டபத்திலிருந்து பாம்பன் வரை 40இல் போய்த் திரும்பினோம். ரெக்கார்டிங்கில் இணைப்புக்கு இணைப்பு டயர் ஏறி இறங்கும் ‘தப் தப்’ மட்டும் கேட்டது. 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு வரச் சொல்லியிருந்தேன், வந்தார். அளந்தேன், இரண்டு பக்கமும் ஒரே உயரம். வெள்ளைக் கோடுகள் விலகவில்லை.